விறகுப் பட்டியலில் இலுப்பை: பசுமைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மரங்களை மதிப்பிட்ட வன அலுவலர்களுக்கும், சாலைப் பணியை நடத்தும் பொறியாளர்களுக்கும்,

சாலையை அகலப்படுத்த வெட்டப்போகும் மரங்களின் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. வரிசை எண், மரத்தின் பெயர், சுற்றளவு, நிலை, பயன், மதிப்பு என்று ஆறு கட்டங்கள். இலுப்பை என்று வரும் ஒவ்வொரு வரியிலும் 'பயன்' என்ற கட்டத்தில் 'விறகு' என்றே எழுதியிருக்கிறீர்கள். 'நிலை' என்ற கட்டத்தில் பல மரங்களுக்குக் 'காய்ந்தது' என்றும் சிலவற்றுக்குப் 'பொந்து, ஆபத்தானது' என்றும் இருக்கிறது. இந்தச் சொற்களை நம்பித்தான் வெட்ட ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். அவை தவறு. எப்படித் தவறு என்பதை, இந்த மரங்களின் விதை பொறுக்குகிறவர்களும் செக்காட்டுகிறவர்களும் மரவேலை செய்கிறவர்களுமாகச் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் 'காய்ந்தது' என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் கணக்கெடுப்பு நடந்தது மாசி மாதத்தில். இலுப்பை இலை உதிர்க்கும் மாதம் அது. இலையெல்லாம் பழுத்துக் கொட்டியபின் கிளை நுனிகள் தடித்த விரல்களைப் போலச் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். எல்லா மரமும் ஒரே நாளில் உதிர்ப்பதும் இல்லை. பக்கத்து மரம் பச்சையாக நிற்க, இது மட்டும் மொட்டையாக நிற்கும்போது, பழக்கமில்லாத கண்ணுக்குச் செத்த மரமாகவே படும். பங்குனி பிறந்ததும் அதே நுனிகளில் துரு நிறத்துப் பூனைமயிர் போர்த்திய மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். பூ கொட்டி முடிவதற்குள் செம்பு நிறத்தில் தளிர் வந்துவிடும். சித்திரை போனால் மரம் முழுக்கப் பச்சை. நீங்கள் 'காய்ந்தது' என்று எழுதிய மரங்கள் இன்று காயோடு நிற்கின்றன. சாலையில் போகும் யாரும் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

அண்ணாந்து பார்க்கக்கூட வேண்டாம். அடிமரத்தையே பாருங்கள். எண் எழுதுவதற்காக நெஞ்சு உயரத்தில் பட்டையைச் செதுக்கி, வெள்ளை பூசி, சிவப்பில் எண் போட்டிருக்கிறீர்கள். செதுக்கிய ஓரத்திலிருந்து வெள்ளைப் பால் வடிந்து, அந்த எண்ணின் மேலேயே ஒழுகிப் பிசின்போல இறுகியிருக்கிறது. இலுப்பை சப்போட்டாவின் குடும்பம். பட்டையைக் கீறினால் உள்ளே சிவந்திருக்கும், பால் கசியும். செத்த மரத்தில் பால் வராது. 'காய்ந்தது' என்று குறிக்கப்பட்ட மரங்களில் எண் தெரியாத அளவுக்குப் பால் வழிந்து காய்ந்திருக்கிறது என்றால், அந்தப் பட்டியலை மரமே திருத்தியிருக்கிறது.

ஒரு மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆள் உயரத்தில் ஓர் இடம், முதல் கிளை பிரியும் கவட்டுக்குக் கீழே ஓர் இடம், இரண்டு பக்கக் கிளைகளில் ஒவ்வோர் இடம் என்று நான்கு இடங்களில் நக அளவுக்குப் பட்டையைக் கீறினால் போதும். நான்கிலும் வறண்டு பழுப்பாக இருந்தால் பட்ட மரம். அடியில் ஈரமும் ஒரு கிளையில் வறட்சியும் இருந்தால் அந்தக் கிளைதான் பட்டது. இலுப்பையில் கிளை படுவதற்குப் பெரும்பாலும், கிளைமேல் முளைத்து அதை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிச் செடியான புல்லுருவிதான் காரணம். அது வேர் ஊன்றிய இடத்துக்கு ஓர் அடி கீழே தள்ளி அந்தக் கிளையை அறுத்துவிட்டால் மரம் தப்பிக்கும். அதுவும் புல்லுருவி பழுக்கும் முன் அறுக்க வேண்டும். பழுத்துவிட்டால் குருவிகள் அதைத் தின்றுவிட்டு அடுத்த மரத்தில் அலகைத் துடைக்கும்போது விதை அங்கே ஒட்டிக்கொள்ளும். இந்தச் சாலையில் எத்தனை ஆண்டாக யாரும் புல்லுருவி எடுக்கவில்லை என்பதைக் கிளைகளே சொல்லும்.

'பொந்து' என்று எழுதிய மரங்களுக்கு வருவோம். அந்தப் பொந்துகள் எப்படி வந்தன? அடிமரத்தை ஒட்டிக் குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிறார்கள். பட்டை வெந்து உரிந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது, கரையான் ஏறுகிறது. விளம்பரத் தகடுகளுக்கு அடித்த ஆணிகள் ஒரு பக்கம். தார் போடும்போது அடிமரம் வரை மூடி, வேருக்குத் தண்ணீர் இறங்க ஒரு முழம்கூட விடாதது இன்னொரு பக்கம். மரத்தைக் கெடுத்ததும் சாலைதான், கெட்டது என்று எழுதியதும் சாலைப் பணிதான். பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடாது. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். கெட்டியான சுவர் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை மெல்லிய துளைப்பானால் இரண்டு மூன்று இடங்களில் துளைத்தே அறியலாம். சுவர் மெலிந்து, சாலைப் பக்கம் சாய்ந்தும் நிற்கிற மரம் ஆபத்தானது. ஒத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்டவை இந்த வரிசையில் இருக்கின்றன, அவற்றைக் காப்பாற்றச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. ஆனால் பொந்து கண்ட மரத்தையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்தது சோம்பல்.

இனி 'விறகு'. எங்களுக்கு மிகவும் வலித்த சொல் இது.

இலுப்பை எரியும், நன்றாகவே எரியும். தேக்கும்தான் எரியும். தேக்குக்கு நேரே நீங்கள் 'விறகு' என்று எழுதுவதில்லை. இலுப்பையின் வைரம், அதாவது மரத்தின் இறுகிய உள்பகுதி, செம்பழுப்பு நிறம். கடினமான, கனமான மரம். நன்கு காய்ந்தபின்பும் கன அடிக்கு 25 கிலோவுக்குக் குறையாது. கதவு நிலை, தூண், உத்தரம், வண்டிச் சக்கரத்தின் குடம், தோணியின் அடிக்கட்டை என்று எங்கே சுமையும் ஈரமும் சேர்ந்து தாக்குமோ அங்கே வைத்த மரம் இது. கோயில் தேருக்கு முதலில் தேடும் மரங்களில் ஒன்று. தேரின் அடியில் குறுக்கும் நெடுக்கும் கோத்து, முழுச் சுமையையும் தாங்கும் பார்களுக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். சக்கரமும் அச்சும் பல ஊர்களில் திருச்சியில் உள்ள அரசு நிறுவனமான பெல் (BHEL) ஆலையில் செய்த இரும்பாகிவிட்டன. மேலே இருப்பது இன்னும் மரம்தான். புதுத் தேர் செய்யும் கோயில்கள் வைரம் பாய்ந்த நீளமான இலுப்பைக்காக ஊர் ஊராக ஆள் அனுப்பும் காலத்தில், அரசின் சொந்தச் சாலையில் நிற்கும் இலுப்பை விறகுக் கணக்கில் போகிறது.

உங்கள் பட்டியலில் சுற்றளவு மட்டும்தான் இருக்கிறது, நேரான அடிமரத்தின் நீளம் இல்லை. நீளம் இல்லாமல் மரத்தை எப்படி மதிப்பிட்டீர்கள்? அறுவை ஆலையில் கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 8 அடிச் சுற்றளவும் கவடு வரை 10 அடி நீளமும் உள்ள மரத்துக்கு 2 பெருக்கல் 2 பெருக்கல் 10, அதாவது 40 கன அடி. அறுப்பில் போகும் கழிவை ஏற்கெனவே கழித்து வரும் கணக்கு இது. இலுப்பையில் வைரத்தைச் சுற்றி வெளுத்த பகுதி அகலமாக இருக்கும். அது சீக்கிரம் உளுத்துப்போகும், அதைச் செதுக்கித் தள்ள வேண்டும். அதனால்தான் இலுப்பையில் வயதான மரத்துக்கு மதிப்பு. இளமரத்தில் வெளுப்பே பெரும்பகுதி. இந்தச் சாலையில் நிற்பவையோ மூன்று தலைமுறைக்குக் குறையாதவை. வைரம் கூடியிருக்கும் மரங்களையே தேடித் தேடி டன் கணக்கில் விற்கப் போகிறீர்கள்.

இந்தச் சாலையின் வடபகுதியில் முன்பு வெட்டியபோது என்ன நடந்தது என்பது எங்கள் கண் முன்னே இருக்கிறது. ஜேசிபியால் வேரைப் பறித்துத் தள்ளி விழுத்தினார்கள். அவ்வளவு கனமான மரம் அப்படி விழும்போது கட்டை உள்ளுக்குள் வெடிக்கும். வெளியே தெரியாது, அறுக்கும்போது பலகை இரண்டாகக் கழன்று வரும். பிறகு லாரியில் ஏற்றத் தோதாக மூன்று மூன்று அடித் துண்டுகளாக வெட்டினார்கள். மூன்றடித் துண்டில் உத்தரம் வராது, நிலைக்கால் வராது, தேர்ப் பார் வரவே வராது. அந்தக் கணமே அது விறகாகிவிட்டது. மிச்சத்தை வெயிலில் போட்டு வைத்தார்கள், வெட்டுமுகங்கள் நட்சத்திரம் போலப் பிளந்துவிட்டன. ஆக, இலுப்பை விறகாகத் தெரிவதற்கு வெட்டிய விதமே காரணம்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற மரத்தை எப்படி வெட்டுவது? கிளைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். அடிமரத்தைத் தரையை ஒட்டி அறுத்து, கிளைகளையும் தழைகளையும் மெத்தையாகப் பரப்பி அதன்மேல் சாய்க்க வேண்டும். முதல் கவடு வரை ஒரே நீளமாக விட வேண்டும், 10 அடி கிடைத்தால் பத்தடியும் 16 அடி கிடைத்தால் பதினாறடியும். வெட்டிய அன்றே இரண்டு முகங்களிலும் சாணமும் களிமண்ணும் குழைத்துத் தடவ வேண்டும். மெழுகு உருக்கிப் பூசினால் இன்னும் நல்லது. முகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், பிளப்பும் அங்கேதான் தொடங்கும். பட்டையை நீக்கி, தண்ணீர் நிற்கும் குளத்தில் சில மாதம் முழுக்கப் போட்டு வைப்பது பழைய முறை. மரத்தின் சாறு கரைந்து வெளியேறுவதால் பூச்சி விழுவது குறையும். எடுத்தபின் முரட்டு அளவில், வேண்டிய அளவைவிட அரை அங்குலம் கூட்டி அறுத்து, நிழலில், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் கைக்கணக்கு. அவசரப்பட்டால் இலுப்பை முறுக்கிக்கொள்ளும். பொறுத்துக் காயவைத்த இலுப்பை பிறகு அசையாது. இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒப்பந்தத்தில் நாலு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

மரம் நின்றபடியே தருவது இதைவிட முக்கியம். உங்கள் பட்டியலில் அதற்குக் கட்டமே கிடையாது.

ஆனி, ஆடியில் இலுப்பைப் பழம் பழுக்கும். இரவில் வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு விதையைத் தரையில் போடும். பொழுது விடிவதற்குள் பெண்கள் கூடையோடு வந்துவிடுவார்கள், வண்டிகள் ஓடத் தொடங்கினால் விதை நசுங்கிப்போகும். மரத்தின் வயதையும் அந்த ஆண்டின் காய்ப்பையும் பொறுத்து ஒரு மரத்தில் 20 கிலோ முதல் 200 கிலோ வரை விதை கிடைக்கும். ஓர் ஆண்டு கொட்டினால் அடுத்த ஆண்டு குறையும், எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருக்காது. நடுத்தரமாக 50 கிலோ என்று வையுங்கள். பளபளப்பான பழுப்பு ஓட்டை உடைத்து நீக்கினால் 35 கிலோ அளவுக்குப் பருப்பு. பருப்பில் 40 முதல் 50 விழுக்காடு எண்ணெய் இருந்தாலும் செக்கில் அவ்வளவும் இறங்காது. 35 கிலோவுக்குப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய், மீதி புண்ணாக்கு. மண்ணில் எந்த உழவும், எந்த உரமும், எந்தத் தண்ணீரும் கேட்காமல் சாலையோரத்தில் நின்று ஒரு மரம் ஆண்டுதோறும் தருவது இது.

எண்ணெய் கெடுவது எங்கே என்பதும் நீங்கள் அறிய வேண்டும், ஏனென்றால் விதையை ஏலம் விடும் உங்கள் முறையே அதைக் கெடுக்கிறது. பொறுக்கிய விதையை ஒன்றிரண்டு நாளில் ஓடு நீக்கி, பருப்பை இரண்டாகப் பிரித்து, வெயிலில் கையால் ஒடித்தால் சொடுக்கும் பதத்துக்குக் காயவைக்க வேண்டும். ஆடியில் திடீர் மழைக்கு நனைந்து, சாக்கில் கட்டி மூலையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பருப்பு கறுக்கும், எண்ணெய் கறுத்துக் காறல் அடிக்கும், விளக்கில் ஊற்றினால் புகையும். மகசூலை ஒரே ஒப்பந்ததாரருக்கு ஏலம் விடும் இடங்களில், ஆள் வைத்துப் பொறுக்கி, லாரி நிறையும் வரை சாக்கில் குவித்து வைக்கிறார்கள். அதனால்தான் சந்தையில் கிடைக்கும் இலுப்பை எண்ணெய் பலதும் கறுப்பாக இருக்கிறது. நல்ல எண்ணெய் வெளிர்மஞ்சளாக இருக்கும், மார்கழிக் குளிரில் நெய் போல உறையும். உறைந்தால் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் அதன் இயல்பு.

கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் என்பது இந்த நாட்டின் பழைய ஏற்பாடு. கோயில்களுக்கு இலுப்பைத் தோப்பு விட்டது அதற்காகத்தான். இலுப்பூர், இலுப்பைக்குடி, இலுப்பைப்பட்டு, இலுப்பையூரணி என்று ஊர்களே அந்தப் பெயரில் இருக்கின்றன. கடல் தாண்டி மன்னார் கரையில்கூட இலுப்பைக்கடவை இருக்கிறது. இன்று விளக்கேற்றும் எண்ணெய் என்ற பெயரில் பாமாயில் கலவை எரிகிறது. சோப்பு காய்ச்சவும் மூட்டுவலிக்குத் தேய்க்கவும் இன்றும் இலுப்பை எண்ணெய் தேடி வருகிறார்கள், கொடுக்க எங்களிடம் போதவில்லை.

புண்ணாக்கும் வீணாவதில்லை. அரப்பாகத் தலைக்குத் தேய்க்கலாம். இதில் உள்ள சபோனின் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அதே சபோனின் காரணமாக மாட்டுக்கு அப்படியே வைக்கக் கூடாது. மீன்குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் களைமீன்களை அழிக்க, ஓர் எக்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில் போடுகிறார்கள். விறால், கெளிறு எல்லாம் சில மணி நேரத்தில் மிதக்கும். நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கி, பிறகு குளத்துக்கு உரமாகும். மருந்துக் கடையில் வாங்கும் எந்த நஞ்சும் இப்படி உரமாகாது. வயலுக்குப் போட்டால் தழைச்சத்து மெல்ல மெல்ல இறங்கும்.

பூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை இப்போது ஏதோ மட்டமான மாற்றுக்குச் சொல்வதாக வைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உலர்ந்த இலுப்பைப் பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். விடியற்காலையில் உதிரும் சதைப்பற்றான பூவைப் பொறுக்கி, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களை உதறி, பாயில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் எடை நாலில் ஒன்றாகும், உலர்திராட்சை போல வைத்திருக்கலாம். சாலைப் புழுதியில் விழும் பூவை நாங்கள் சாப்பாட்டுக்கு எடுப்பதில்லை. தோப்பு மரங்களின் பூவுக்குத்தான் அது சரி.

இவற்றுக்கு ஈடாக நீங்கள் சொல்வது ஒன்றுக்குப் பத்துக் கன்று. எந்த மரத்தின் கன்று? சென்ற முறை நட்டவை புங்கை, பூவரசு, வாகை. அவற்றின் மேல் எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை, நல்ல மரங்கள். ஆனால் இலுப்பை வெட்டிய இடத்தில் ஓர் இலுப்பைகூட நடப்படவில்லை. காரணமும் தெரிகிறது. நாற்றங்கால்களில் இலுப்பைக் கன்று கிடைப்பது அரிது. இலுப்பை விதையைச் சேமித்து வைக்க முடியாது. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும், விழுந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். ஆடியில் பொறுக்கி ஐப்பசியில் விதைத்தால் முளைக்காது, பிறகு 'இலுப்பை முளைக்காத மரம்' என்று எழுதிவிடுவார்கள். புது விதையை ஓர் அங்குல ஆழத்தில் படுக்கை வசமாகப் போட்டு, நிழலும் ஈரமும் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் முளைக்கும்.

முளைத்தபின் வருவதுதான் பெரிய தவறு. இலுப்பை மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே ஆணிவேரை நீட்டிவிடும். வழக்கமான சிறிய பாலித்தீன் பையில் அந்த வேர் அடியில் முட்டி, சுருண்டு, வளையம் போட்டுக்கொள்ளும். அப்படியே நட்டால் இரண்டு மூன்று ஆண்டு பச்சையாக இருந்துவிட்டு ஒரு கோடையில் காய்ந்துபோகும், அல்லது காற்றில் சாயும். அதனால் குறுகி நீண்ட பை வேண்டும், ஓர் அடிக்குக் குறையாத உயரம். இல்லையென்றால் நடவேண்டிய குழியிலேயே மூன்று விதை போட்டு, ஓங்கி வருவதை மட்டும் விட்டுவிடலாம். நாங்கள் கண்ட வரையில் பிந்திய முறையே நல்ல மரம் தருகிறது. குழி இரண்டடி ஆழம், இரண்டடி அகலம். மரத்துக்கு மரம் 30 அடிக்குக் குறையாத இடைவெளி. ஆடு மாடு எட்டாத கூண்டு ஐந்து ஆண்டுக்கு வேண்டும், ஏனென்றால் இது மெதுவாக வளரும் மரம். முதல் மூன்று கோடைக்கு வாரம் ஒரு குடமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். இவ்வளவும் செய்தால் பத்தாம் ஆண்டை ஒட்டிப் பூ பார்க்கலாம், செக்குக்குக் கொண்டுபோகும் அளவு விதைக்கு இருபது ஆண்டு ஆகும், தேருக்கு ஆகும் வைரத்துக்கு நம் பேரப்பிள்ளைகள் காலம் வேண்டும். பத்துக் கன்று ஒரு மரத்துக்கு ஈடு என்ற கணக்கு இந்த மரத்துக்குப் பொருந்தாது.

பெயர்த்து வேறிடத்தில் நடுவோம் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. ஆலும் அரசும் கிளை வெட்டி நட்டாலே வரும் இனங்கள், அவற்றைப் பெயர்த்து நட்டுப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். ஆழமான ஆணிவேரை நம்பி நிற்கும் கிழட்டு இலுப்பைக்கு அது சரிவராது. செலவு ஆகும், படம் எடுக்கலாம், அடுத்த மாசியில் மரம் உண்மையாகவே காய்ந்திருக்கும்.

சாலை அகலமாவதை நாங்கள் எதிர்க்கவில்லை. விபத்துகள் நடப்பதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான். இலுப்பைகள் அடர்ந்து நிற்பது மேற்கு ஓரத்தில். கிழக்கு ஓரத்தில் பெரும்பகுதி புறம்போக்கு. அகலப்படுத்துவதைக் கிழக்குப் பக்கம் மட்டும் செய்தால், மேற்கு வரிசை சாலையோரமாகவே நிற்கும், அல்லது இரண்டு பாதைகளுக்கு நடுவே திட்டாக நிற்கும். அதற்கு அடிமரத்தின் இரண்டு பக்கமும் குறைந்தது ஐந்தடி மண் திறந்திருக்க வேண்டும், வேரை வெட்டாத ஆழத்தில் ஓரக்கல் பதிக்க வேண்டும், தடுப்புக் கம்பியும் ஒளிரும் பட்டையும் வைக்க வேண்டும். கிழக்கில் வீடுகள் இருக்கும் சிறிய நீளத்துக்கு மட்டும் வேறு வழி இல்லாமல் போகலாம். அந்த இடத்தில் சில மரங்கள் போவதை எங்களால் தாங்க முடியும்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. இந்த மரங்களை வெட்டி விற்க அறிவித்த ஏலத்தை நிறுத்திவையுங்கள். காய் மரத்தில் இருக்கும்போது வெட்டினால் இந்த ஆண்டு விதையும் போகும், அடுத்த தலைமுறைக்கான கன்றும் போகும். ஆடி முடிந்து விதை பொறுக்கி முடியும் வரை இந்தச் சாலையில் எந்த இலுப்பையிலும் வாள் படக் கூடாது.

மாசியில் எடுத்த பட்டியலை ரத்து செய்து, இலையோடு நிற்கும் இப்போதே மறுபடி எடுங்கள். 'நிலை' என்ற கட்டத்தில் பட்டையைக் கீறிப் பார்த்த விவரமும், தட்டிப் பார்த்த விவரமும் இருக்கட்டும். நேரான அடிமரத்தின் நீளத்துக்கு ஒரு கட்டமும், ஆண்டு விதைக்கு ஒரு கட்டமும் சேருங்கள். 'விறகு' என்ற சொல்லை இலுப்பைக்கு நேரே இருந்து எடுத்துவிடுங்கள்.

கிழக்குப் பக்கமாக மட்டும் அகலப்படுத்தும் வரைபடத்தைப் பொறியாளர்கள் தயாரித்து ஊராட்சியில் வைக்க வேண்டும். முடியாது என்றால் எந்த இடத்தில், எத்தனை அடி குறைகிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். 'தொழில்நுட்பக் காரணம்' என்ற ஒற்றை வரி எங்களுக்குப் போதாது.

வெட்டியே ஆக வேண்டிய மரங்களுக்கு ஒப்பந்தத்தில் இந்த வரிகள் வேண்டும்: தள்ளி விழுத்தக் கூடாது, கவடு வரை ஒரே நீளம், அன்றே முகத்துக்குப் பூச்சு, நிழலில் அடுக்கு. அந்தக் கட்டைகளை விறகுக் குத்தகைக்கு விடாமல், தேர் செய்யவும் பழுதுபார்க்கவும் மரம் கேட்டு நிற்கும் கோயில்களுக்குக் கன அடி விலையில் முதலில் கொடுங்கள். அரசுக்கும் அதில் வருமானம் கூடும்.

விதை மகசூலை ஒற்றை ஒப்பந்ததாரருக்கு ஏலம் விடும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்தந்த ஊர் மகளிர் குழுக்களுக்கு மரவாரியாகக் கொடுங்கள். பொறுக்கிய அன்றே உலர்த்தக்கூடியவர்கள் அவர்கள்தான்.

ஈட்டுக்கு நடும் கன்றுகளில் இலுப்பைக்கு இலுப்பையே இருக்கட்டும், இதே மரங்களின் விதையிலிருந்து. இந்த ஆடியில் விதை தர நாங்கள் தயார். நீண்ட பைகளையும் ஐந்து ஆண்டுக்குக் கூண்டுகளையும் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீரையும் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். நட்டதை ஒவ்வோர் ஆண்டும் எண்ணி, உயிரோடு இருக்கும் கணக்கை அதே ஊராட்சிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

பொந்து விழக் காரணமான குப்பைக் கொளுத்தலையும் ஆணி அடிப்பதையும் இன்றே நிறுத்த உத்தரவிடுங்கள். புல்லுருவி எடுக்கும் வேலையை ஆண்டுப் பராமரிப்பில் சேருங்கள்.

ஏலத்துக்கு என்று குறித்த அதே நாளில் குழுவினரும் வன அலுவலரும் பொறியாளரும் சாலைக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். காலை ஆறு மணிக்கு வாருங்கள், வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். உளி, நாடா, மரச்சுத்தியோடு நாங்கள் நிற்போம். எண் போட்ட மரங்களை ஒன்றாம் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கீறி, தட்டி, அளந்து காட்டுகிறோம். அதன் பிறகு பட்டியலை உங்கள் கையால் எழுதுங்கள்.

இந்தச் சாலை இலுப்பைகளில் விதை பொறுக்குவோர், செக்காட்டுவோர், தச்சர்கள்